வெல்டிங் தெரிந்த தவமலருக்கு ஏன் வேலை இல்லை?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தவமலர் எனக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, எங்களுக்கு வேலை இல்லையாம்."

தவமலர் சம்பூர்க்காரி. இரண்டு பிள்ளைகளின் தாய். கணவருக்கு முதுகில் அடிபட்ட பிறகு வீட்டின் பாரம் முழுக்க அவள் தலையில். ஆறு மாதம் இரண்டு பஸ் மாறி டவுனுக்கு வந்து, இன்னும் ஐந்து பெண்களோடு வெல்டிங் படித்தாள். துறைமுகப் பக்கத்துக் கப்பல் திருத்தும் கம்பனி ஒன்றும் ஒரு பயிற்சி நிலையமும் கூட்டாக நடத்திய வகுப்பு அது. படித்து முடித்தால் அந்தக் கம்பனியிலேயே வேலை — அதுதான் பேச்சு. சான்றிதழ் கொடுத்த அன்று மேடையில் விருந்தினராக எனக்கும் ஒரு கதிரை போட்டார்கள். நானும் கை தட்டினேன்... இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஏன் வேலை இல்லை? கை சரியில்லையா? பரீட்சையில் அவள்தான் முதலாவது!

"கப்பல் திருத்துற யார்ட்டில பொம்பிளையளுக்கு டொய்லெட் இல்லையாம் அக்கா. அதால எடுக்க ஏலாதாம்."

அடுத்த நாளே அவளோடு கம்பனிக்குப் போனேன். மனேஜர் மரியாதையாகத்தான் கதைத்தார். தேத்தண்ணீர் கூடத் தந்தார்.

"எங்களுக்கு விருப்பம்தான் மேடம். ஆனா வசதி இல்லையே. வெளியில இருக்கிற கன்டீன்ல வேணுமெண்டா கோப்பை கழுவ ஒரு வேலை இருக்கு."

வெல்டிங் படித்தவளுக்குக் கோப்பை கழுவும் வேலை!

தவமலர் எழும்பி நின்றாள்.

"சேர், நீங்கள் தகரமும் இரும்பும் மட்டும் தாங்கோ. நாங்கள் ஆறு பேரும் சேர்ந்து ஒரு டொய்லெட்டுக்குச் சுவர், கூரை, கதவு எல்லாம் அடிச்சுத் தாறம். எங்களுக்கு ரெண்டு நாளே காணும்."

மனேஜர் சிரித்தார். "அதுக்கு ஹெட் ஒஃபிஸ்ல அனுமதி எடுக்கோணும் தங்கச்சி."

பயிற்சி நிலையத்துக்குப் போன் எடுத்தேன். "பயிற்சி குடுக்கிறது மட்டும்தான் எங்கட பொறுப்பு" என்றார் அதிகாரி.

கேட்கிறேன்... ஆறு பெண்களைத் தெரிவு செய்தபோது இது யாருக்கும் தெரியாதா? எத்தனை கூட்டம் வைத்திருப்பார்கள்! எத்தனை பக்கத்தில் கையெழுத்து வைத்திருப்பார்கள்! "தங்கச்சி, நீங்கள் எங்க போவீங்கள்?" என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லையா? நம் ஊரில் கதவைத் திறந்துவிட்டோம் என்று கூட்டம் போட்டுச் சொல்வார்கள். உள்ளே ஒரு பெண் நாள் முழுக்க எப்படி நிற்பாள் என்று மட்டும் நினைக்கமாட்டார்கள்.

தவமலர் சும்மா இருக்கவில்லை. சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினாள். தோப்பூரில் இரும்புக் கேற்றும் ஜன்னல் கம்பியும் அடிக்கிற ஒரு முஸ்லிம் நானா, சான்றிதழை வாங்கிப் பார்க்கவேயில்லை. ஒரு கம்பித் துண்டை நீட்டி, "இதை ஒட்டிக் காட்டுங்க" என்றாராம். ஒட்டிக் காட்டினாள்.

"நாளைக்கே வாங்க தங்கச்சி. வீடு பின்னுக்குத்தான். என்ன தேவையெண்டாலும் எங்கட வீட்டுக்காரியைக் கேளுங்க."

ஒப்பந்தமும் இல்லை, மேடையும் இல்லை. அவள் இப்போது அங்கே வேலை செய்கிறாள். மற்ற ஐந்து பேரும் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

நேற்று ஒரு விளம்பரம் பார்த்தேன். அதே கம்பனி, அதே நிலையம், அடுத்த வெல்டிங் வகுப்பு — பெண்களுக்கு முன்னுரிமையாம்!