ஏலம் போகாத ஜோக்

ஏலக்காய் ஏலத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. பிற்பாடு போடி ஏலக் கூடத்தில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் வந்து, வியாபாரிகள் பொத்தானைத் தட்டி விலை கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாமே வாய்தான். கூடத்தின் இரண்டு பக்கமும் வியாபாரிகள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு விவசாயி கொண்டுவந்த காய் ஒரு லாட். அதிலிருந்து ஒரு கை அள்ளித் தட்டில் போட்டு வரிசையாக அனுப்புவோம். வியாபாரி இரண்டு காயை எடுத்து நகத்தால் உடைப்பார். உள்ளே அரிசி, அதாவது விதை, கறுப்பாக, நெருக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பார். முகர்வார். பார்த்ததைத் தரையில் போட்டுவிட்டுத் தட்டை அடுத்தவர் பக்கம் தள்ளுவார். மத்தியானத்துக்குள் நடக்கிற இடமெல்லாம் காலடியில் ஏலக்காய் நெறுநெறுக்கும். பாயசத்துக்கு நாலே நாலு காய் தட்டிப் போடுகிற வீட்டிலிருந்து போன எனக்கு முதல் நாள் வயிறு எரிந்தது.

நான் சேர்ந்தது டைப் அடிக்கிற வேலைக்கு. கூடத்துக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு அறை. தேனியிலிருந்து பஸ் பிடித்து வந்து அந்த அறைக்குள் போனால், சாயந்தரம் வெளியே வரும்போது கண் கூசும். சுவருக்கு அந்தப் பக்கம் ஏலம் நடக்கிற சத்தம் கேட்கும். மைக்கில் ஒருவர் லாட் நம்பரும் விவசாயி பெயரும் எடையும் வாசிப்பார். மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து விலையை ஏற்றிவிடுவார். விலை நின்றதும் மைக்குக்காரர், "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று முடிப்பார். கேட்க ஆளே இல்லாவிட்டால் மூணாந்தரத்தோடு "வாபஸ்" என்பார். அந்த மூட்டை ஒதுங்கி நின்று அடுத்த ஏலத்துக்கு வரும். நான் டைப் அடித்துக்கொண்டே அதையெல்லாம் கூடவே முணுமுணுப்பேன். அந்த வேலை எனக்கு வேண்டும் என்று அவ்வளவு ஆசை.

அந்த மைக்குக்காரர் ஒரு நாள் வளைகுடாவுக்குப் போய்விட்டார். நான் நேரே மேனேஜர் முன்னால் போய் நின்றேன். "நான் வாசிக்கிறேன் சார்" என்றேன்.

"பொம்பளப் புள்ள கொரலு கூட்டத்துல எடுபடுமா?" என்றார் அவர்.

அங்கேயே நின்றபடி, போன ஏலத்தின் முதல் லாட்டை வாசலில் மூட்டை இறக்குகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி சரி, காது போயிரும். ஆள் கெடைக்கிற வரைக்கும் வாசி" என்றார்.

ஆள் கிடைக்கிற வரைக்கும். எதிரே நான் நின்றுகொண்டிருக்கிறேன், ஆள் கிடைக்கவில்லையாம். பல்லைக் கடித்துக்கொண்டு போய் மைக் முன்னால் உட்கார்ந்தேன்.

மேனேஜர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சம்பளத்தை ஒரு நாள் தள்ளிப் போட்டது கிடையாது. மழை நாளில் பஸ் பிந்தினால் ஏனென்று கேட்டது கிடையாது. ஆனால் வாய்! கூடத்தில் நாலு பேர் கொட்டாவி விட்டால் போதும், ஒரு ஜோக்கை எடுத்துவிடுவார். பெண் பெயரில் ஒரு லாட் வந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம், வழக்கமான ஒன்று இருந்தது. நான் பெயரை வாசித்த உடனே மைக்கைத் தன் பக்கம் இழுப்பார்.

"லேடீஸ் லாட்டு வருதப்பா! மேல பாத்தா பளபளன்னு இருக்கும். ஒடச்சுப் பாத்தா உள்ள ஒண்ணும் இருக்காது." கொஞ்சம் நிறுத்துவார். "நான் காயச் சொல்லல."

கூடம் குலுங்கும். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கிற மாதிரி சிரிப்பார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகும். ஒரு நாள் ஏலம் முடிந்து, "அந்த ஜோக்கு வேணாமே சார்" என்று பதமாகச் சொல்லிப் பார்த்தேன். "உன்னையவா சொன்னேன்? நீ ஏன் தோள்ல தூக்கிப் போட்டுக்கிற?" என்று அதற்கும் சிரித்தார். அதற்கு மேல் பேசினால் ஆள் கிடைத்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஜன்னல் இல்லாத அறை பின்னாலேயே இருந்தது.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கம்பத்திலிருந்து அந்த அம்மா வந்தார். விவசாயிகள் உட்காருகிற பின் பெஞ்சில் ஒயர்க்கூடையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். பெண்கள் ஏலத்துக்கு நேரில் வருவது அபூர்வம். நான் கடந்து போகும்போது கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏ ஆத்தா, எங்க காய் எப்ப வரும்?"

பெயரைக் கேட்டு, லாட் பட்டியலைப் பார்த்துச் சொன்னேன். சாப்பாட்டுக்கு முந்தி வந்துவிடும்.

"கம்பமெட்டுக்கு அங்கிட்டு எங்கய்யா எனக்குக் குடுத்த காடு. இம்புட்டு நாளா எங்க வீட்டுக்காரக பேர்லதான் போட்டாக. இந்தத் தடவ, என் காடு என் பேர்லதான் போகணும்னு ஒத்தக் கால்ல நின்னுட்டேன்" என்றவர், குரலைத் தாழ்த்தி, "பேரை மைக்குல சொல்லுவீகளா?" என்று கேட்டார்.

"நான்தான்க்கா சொல்லுவேன்."

"நல்லா சத்தமாச் சொல்லு" என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்குப் பக்கென்றது. அதற்குப் பிறகு என்ன வரும் என்று எனக்குத் தெரியுமே.

அவர் லாட் வந்தது. சத்தமாகவே வாசித்தேன். பெயர் முடியவும் மேனேஜர் மைக்கை இழுக்கவும் சரியாக இருந்தது. அதே பளபளப்பு, அதே ஒண்ணுமில்லை, அதே நிறுத்தம், அதே காய். கூடம் சிரித்தது. தட்டு முதல் மேசைக்குப் போனது. அங்கிருந்தவர், "அதான் சாரே சொல்லிட்டாகளே, உள்ள ஒண்ணும் இருக்காதுன்னு!" என்று உடைக்காமலே அடுத்தவரிடம் தள்ளினார். அவரும் அதையே சொல்லித் தள்ளினார். தட்டு சிரித்துக்கொண்டே போகிறது, ஒருவரும் ஒரு காயைத் தொடவில்லை. யாரோ ஒருவர் விளையாட்டுக்கு அடிமாட்டு விலை ஒன்று சொன்னார். அதற்கும் ஒரு சிரிப்பு.

நான் பின் பெஞ்சைப் பார்த்தேன். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண் மட்டும் தட்டு போகிற பக்கமே போய்க்கொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! அவர் அழுதிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். மேனேஜர் கையிலிருந்த மைக்கை வாங்கினேன். பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"சார் சொன்ன ஜோக்கு," என்றேன். "ஒரு தரம்."

சிரிப்பு பாதியில் நின்றது. என்ன சொல்கிறாள் இவள் என்று எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"ரெண்டு தரம்."

ஓரத்தில் யாரோ மூக்கால் சிரித்தார். மேனேஜர் என் பக்கம் திரும்பியது தெரிந்தது. நான் திரும்பவில்லை.

"கேக்க ஆளில்ல. மூணு தரம். ஜோக்கு வாபஸ்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தேன். "லாட்டு அப்படியே இருக்கு. தட்டு திரும்ப முதல்லருந்து வரும். ஒடச்சுப் பாத்துட்டுக் கேளுங்க."

கூடம் வெடித்துச் சிரித்தது பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை மேனேஜர் ஜோக்குக்கு நான் கேட்டதே கிடையாது. அந்தச் சிரிப்போடு தட்டு முதல் மேசைக்குத் திரும்பியது. இந்தத் தடவை முதல் மேசைக்காரர் மறுபேச்சு இல்லாமல் ஒரு காயை எடுத்து உடைத்தார். முகர்ந்தார். இன்னொன்றை உடைத்தார். "அட, நல்ல காய்ப்பா இது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லத்தான் சொன்னார், ஆனால் வியாபாரிகளுக்குப் பாம்புக் காது. அடுத்தடுத்த மேசையில் படபடவென்று காய் உடைகிற சத்தம் கேட்டது. விலையை மேனேஜர்தான் ஏற்றினார், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. காலையிலிருந்து போன நல்ல காய்க்கு என்ன கிடைத்ததோ அது அதற்கும் கிடைத்தது. மூணு தரம் சொல்லி முடித்தேன்.

போகும்போது அந்த அம்மா ஒயர்க்கூடையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஏலம் முடிந்ததும் மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஏம்மா, ஒனக்கு மைக்கு குடுத்தது யாரு?"

"நீங்கதான் சார்."

"அந்த மைக்குலயே என் மானத்த வாங்குறியே!"

"நீங்களும் அதே மைக்குலதான சார் சொன்னீக."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது சும்மா ஒரு தமாசு. கூட்டம் தூங்கிரக் கூடாதுல்ல?"

"தூங்குனாக்கூடத் தேவல சார். எல்லாரும் முழிச்சிருந்தும் ஒருத்தரும் காய ஒடைக்கல. அந்தக்கா பாத்துக்கிட்டே இருந்தாக."

அவர் வெகுநேரம் துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "வாபஸ் ஆன லாட்டு அடுத்த ஏலத்துக்கு வரும். தெரியும்ல?" என்றார்.

"வரட்டும் சார். கேக்க ஆள் இருக்கான்னு பாப்போம்."

"போ, போ" என்று கையை ஆட்டினார்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாடி நீ? வேல போச்சுன்னா என்ன செய்வ?" என்று திட்டித் தீர்த்தார். தோசையைத் திருப்பிப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொம்பள காய் வெல போயிருச்சுல்ல?" என்றார். போனது என்றேன். இன்னொரு தோசை வந்தது. "மூணாந்தரம் எப்படிச் சொன்ன? சொல்லு" என்றார். சொன்னேன். மறுநாள் காலையில் குழாயடியில் அம்மா அதை என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. வேலை போகாது என்று உள்ளுக்குள் தெரியும். மைக் போய்விடும் என்பதுதான் பயம்.

அடுத்த ஏலத்தன்று போனால், மேனேஜர் அறை வாசலில் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "மைக்குல வாசிக்க ஆள் வேணும்னு சொன்னாகளாம்" என்றார். அவர்மேல் என்ன தப்பு? தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போனேன்.

கூடம் நிறைந்திருந்தது. பின்னறைக்குப் போகிற கதவும் திறந்திருந்தது, மைக் நாற்காலியும் காலியாக இருந்தது. நடுவில் நின்று, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரியே கேட்டேன்: "சார், நான் எங்கன உக்கார?"

மேனேஜர் என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "இன்னைக்கு நீயே வாசி. ஏலம் முடியட்டும், பேசிக்கலாம்."

வாசித்தேன். கடைசித் தடவை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று கணீரென்று வாசித்தேன். பாதிக்கு மேல் ஒரு பெண் பெயர் வந்தது, வேறு ஊர், வேறு ஆள். பெயரை முடித்துவிட்டு நிறுத்தினேன். மேனேஜர் கை மைக்கை நோக்கி வந்தது. நான் மைக்கை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் பேச வேண்டியதை அவரே பேசட்டும்.

நடு வரிசையிலிருந்து ஒருவர் எடுத்துக்கொடுத்தார். "என்ன சார், லேடீஸ் லாட்டு! ஒண்ணும் சொல்லலையா?"

கூடமே காத்திருந்தது. மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

"அது வாபஸ் ஆயிருச்சுப்பா," என்றார். "காய ஒடச்சுப் பாரு."

மைக்கை என் பக்கம் தள்ளினார். நான் எடையை வாசித்தேன். மேசை மேசையாகக் காய் உடைகிற சத்தம் கேட்டது.

ஏலம் முடிந்து அவர் வெளியே போக, நானும் பின்னாலேயே போனேன். இஸ்திரிச் சட்டைக்காரர் எழுந்து நின்றார். மேனேஜர் அவர் தோளில் கையைப் போட்டு, "ஆள் கெடச்சிருச்சுப்பா" என்றார். "கூட்டத்தத் தூங்கவிடாத ஆளு."

அதற்குப் பிறகு அவர் அந்த மாதிரி பேசவே இல்லை என்று சொன்னால் பொய். நாக்கு பழகியது, அவ்வளவு சுலபமாகவா விடும்? இடையிடையே, "இந்தப் பொம்பளைக இருக்காகளே..." என்று ஆரம்பிப்பார். நான் மைக்கைப் பிடிக்காத கையில் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுவேன். ஒரு தரம். முன் வரிசை வியாபாரிகள் அப்போதே சிரிக்கத் தயாராகி அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர், "சரிம்மா, அடுத்த லாட்ட வாசி" என்பார்.

கம்ப்யூட்டர் ஏலம் வருகிற வரைக்கும் நான்தான் அங்கே வாசித்தேன். இரண்டாவது விரலுக்கு வேலையே வரவில்லை.