கொடுவா மீனும் சிதம்பர தரிசனமும்

காலை நாலரை மணிக்குச் சேலம் பஸ் நிலையத்தில் கடலூர் வண்டி கிளம்பியபோது எனக்குச் சன்னலோரம் கிடைத்துவிட்டது. நாற்பத்தொரு வயதில் சன்னலோரத்துக்கு இப்படிச் சந்தோஷப்படுவதா என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தம்பி குமரன் முறைத்தான். முறைக்கட்டுமே. நான் கடலூரையும் பார்த்ததில்லை, சிதம்பரத்தையும் பார்த்ததில்லை. ஒரே நாளில் இரண்டும்!

சிதம்பரம் போவது சாக்கு. கடலூர் செம்மண்டலத்தில் ஒரு பெண்ணின் ஜாதகம் பொருந்தி வந்திருந்தது. ஊரைக் கூட்டாமல், கோயிலுக்குப் போகிற வழியில் நாங்கள் இருவரும் எட்டிப் பார்த்துவிட்டு வருவதென்று ஏற்பாடு. குமரனுக்கு முப்பத்துமூன்று வயது. எத்தனையோ வரன் பார்த்தாகிவிட்டது. எதற்கும் உம் என்றும் சொல்லமாட்டான், ஊஹூம் என்றும் சொல்லமாட்டான். இதுவும் தட்டிப்போனால் இனிமேல் பெண் பார்க்கும் பேச்சே வேண்டாம் என்று முந்தின நாள் சாப்பிடும்போது சொல்லிவிட்டான். முட்டிவலியால் வர முடியாத அம்மா அதைக் கேட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

வாழப்பாடி, ஆத்தூர், விருத்தாசலம், வடலூர் என்று இருநூறு கிலோமீட்டர் சொச்சம். எனக்குப் பஸ்ஸென்றால் வயிறு காலியாக இருக்கவேண்டும். சாப்பிட்டுவிட்டு ஏறினால் குமட்டும். ஆத்தூரில் குமரன் மட்டும் நாலு இட்லியை உள்ளே தள்ளினான்.

பத்தரை மணிக்குக் கடலூர். பஸ் நிலைய வாசலில் ஷேர் ஆட்டோ. தலைக்கு இருபது ரூபாய். காற்றில் உப்பு வாடை அடித்ததும் "கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். "எந்த ஊருக்கா நீங்க? இப்படியே போனா தேவனாம்பட்டினம் பீச்சுதான். ஆனா நீங்க செம்மண்டலம்னீங்களே, அது அந்தாண்ட" என்று சிரித்தார் ஓட்டுநர். திரும்பி வரும்போது எப்படியும் காலை நனைத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

பெண்ணின் பெயர் சுகந்தி. மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பா இல்லை. அம்மாவும் தாய்மாமாவும்தான் வரவேற்றார்கள். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே மாமா மீன் பேச்சை எடுத்துவிட்டார்.

"சேலத்துல என்னங்க மீன் கெடைக்கும்?"

"மேட்டூர் அணை மீன் இருக்கே!" என்றேன் பெருமையாக.

"அணை மீனா? அதுல மண்ணு வாடை ஜாஸ்தி. கடல் மீன் தின்ன நாக்கு அத மீன்னே ஒத்துக்காது."

எனக்குச் சுருக்கென்றது. காப்பித் தட்டோடு வந்த சுகந்தி, "மாமா, மீன வச்சா ஊரை எடை போடுவீங்க?" என்றாள். குமரன் சிரித்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் அவன் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பன்னிரண்டரை மணிக்கு சுகந்தியின் அம்மா இலை போட வந்தார். கொடுவா மீன் குழம்பு, வஞ்சிரம் வறுவல். வாசனை கூடம் வரைக்கும் வந்து மூக்கைப் பிடித்து இழுத்தது. ஆனால் சாமி பார்க்கப் போகுமுன் அசைவமா? "வேண்டாங்க, கோயிலுக்குப் போறோம்" என்றேன். "தயிர் சோறாவது ஒரு வாய் சாப்புட்டுப் போங்க" என்றார். பஸ் ஏறவேண்டுமே என்ற பயத்தில் அதையும் கும்பிட்டு மறுத்துவிட்டேன். குமரனைச் சாப்பிடவிடாமல் கையைப் பிடித்து எழுப்பியதும் நான்தான். அந்தம்மாவின் முகம் வாடியது. உபசாரம் செய்ய முடியாத வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

சிதம்பரம் பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டும்போது குமரன் வெளியே பார்த்தபடியே, "அக்கா, எனக்குப் புடிச்சிருக்கு" என்றான். நான் போட்ட சத்தத்தில் கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன். "நெஜமாவா சொன்னான்?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டு, "இருந்தாலும் அவசரப்படாதீங்க. நான் ஒரு தடவ பாத்துட்டுத்தான் முடிவு" என்றார்.

அதற்குப் பிறகு சன்னலில் தெரிந்ததெல்லாம் அழகாகத்தான் இருந்தது. சிதம்பரத்தில் இறங்கியபோது மணி இரண்டரை. நடை ஐந்து மணிக்குத்தான் திறக்கும் என்றார்கள். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு தேரோடும் வீதி நாலையும் சுற்றினோம். நான்கு மணிக்குக் கீழ வீதியில் இட்லியும் கொத்சும். சுட்ட கத்தரிக்காயும் புளியும் சேர்ந்த அந்தக் கொத்சை மூன்றாவது தடவை ஊற்றச் சொல்லும்போது போன் அடித்தது. சுகந்தியின் மாமா.

"பத்திரமா போய்ச் சேந்தீங்களாம்மா? ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க. புடிச்சா புடிச்சிருக்குது, இல்லன்னா இல்ல. அதுக்காகப் பேச்சுவார்த்தைய வுட்டுடப் போறமா?"

"யாருக்குப் புடிக்கல?"

"கை நனைக்காம கெளம்பிட்டீங்களேம்மா."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பெண் வீட்டில் சோற்றில் கை நனைத்தால் சம்மதம் என்பது எங்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் எங்கள் வீட்டில் பெண் பிடித்தாலும் முதல் நாளே சாப்பிடமாட்டோம். பெரியவர்கள் வந்து பேசி முடித்த பிறகுதான் இலை. அவர்கள் வீட்டிலோ, பிடித்திருந்தால் அன்றைக்கே கை நனைத்துவிடவேண்டும். காப்பியோடு எழுந்துவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம்.

"கோயிலுக்குப் போறோம்னு சொன்னேனே!"

"அஞ்சு மணிக்கு நடை தொறக்கற கோயிலுக்குப் பன்னெண்டரைக்கே யாரும்மா பட்டினியாப் போவாங்க? தயிர் சோறும் வேணாம்னீங்க. மாப்புள வேற வாயே தொறக்கல. எங்க அக்கா அழுவுது. அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லாம பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டு ஒக்காந்திருக்குது."

மாமா பேசிய சத்தம் எதிரே இருந்த குமரனுக்கும் கேட்டுவிட்டது. போனை என் கையிலிருந்து பிடுங்கினான்.

"மாமா, குமரன் பேசறேன். எனக்குப் புடிச்சிருக்கு. சாமி கும்பிட்டுட்டு நேரா அங்கதான் வர்றோம். ராத்திரிச் சாப்பாடு உங்க வீட்லதான். அதே மீன் கொழம்புதான் வேணும்."

மாமா இழுத்தார். "கொழம்பா... அது வந்து... சரி, வாங்க மாப்புள, வாங்க!"

பொன்னம்பலத்தின் முன்னால் இவ்வளவு அவசரமாக யாரும் நின்றிருக்கமாட்டார்கள். தீபாராதனை காட்டியதும் கண்ணில் நீர் கொட்டியது. பக்தியும்தான், பயமும்தான். சோற்றையே காணாதவர்கள் போல ஓடிப்போய்க் கடலூர் பஸ்ஸைப் பிடித்தோம். கடலில் கால் நனைப்பதெல்லாம் மறந்தே போனது.

ஏழரை மணிக்குச் செம்மண்டலம். வாசலிலேயே அந்தம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "தப்பா நெனைக்காதீங்க. நீங்க போனப்புறம் எங்களுக்குச் சோறு எறங்கல. மீனையெல்லாம் அக்கம்பக்கத்துல குடுத்துட்டோம். அடியில கொழம்பு மட்டும்தான் கெடக்குது. முட்டை பொரிச்சித் தரட்டுமா?"

நான் குமரனைப் பார்த்தேன். தட்டில் மீன் துண்டு விழாவிட்டால் அம்மாவோடு சண்டை போட்டு எழுந்து போகிறவன் அவன். கை கழுவிக்கொண்டு வந்து இலை முன்னால் உட்கார்ந்தான்.

"முட்டையெல்லாம் வேணாங்க. கொழம்ப ஊத்தச் சொல்லுங்க."

சுகந்திதான் ஊற்றினாள். "காரம் ஜாஸ்தியா இருக்கும்" என்றாள். "இருக்கட்டும்" என்று பிசைந்தான். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வழிய மூன்று தடவை சோறு வாங்கிக்கொண்டான். நானும் பஸ்ஸாவது குமட்டலாவது என்று ஒரு பிடி பிடித்தேன். மத்தியானத்திலிருந்து ஊறிய அந்தக் குழம்பை என்னவென்று சொல்ல! மேட்டூர்க்காரர்கள் என்னை மன்னிக்கட்டும். மாமா கூடத்துக்கும் அடுப்படிக்கும் சும்மாவே நடந்துகொண்டிருந்தார்.

கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"நான் வராம கை நனைச்சிட்டீங்களா?" அம்மாவின் குரல் ஏறியது. பிறகு, "மீன் எப்படி?" என்றார்.

"மீனே இல்லம்மா. வெறும் கொழம்பு."

"வெறும் கொழம்பையா சாப்புட்டான்? இவனா?"

"மூணு தடவ சோறு வாங்கினான்."

"அந்தப் பொண்ணுகிட்ட போனக் குடு" என்றார் அம்மா.