இல்லமாதேவியின் ஏழு தலைமுறை

ஈரக் களிமண்ணும் டீசலும் பீடிப் புகையும் கலந்த ஒரு வாடை அப்பாவுக்கு முன்னால் தோட்டத் தொழிலாளர் லயத்தில் எங்கள் ஒற்றையறைக் காம்பிராவுக்குள் நுழைந்துவிடும். குருவிட்டப் பக்கம் பஸ்ஸில் போகையில் ஏதாவதொரு வளைவில் அந்த வாடை அடித்தால், இன்றும் நான் ஜன்னலை இழுத்து மூடிவிடுவேன்.

எங்கள் தோட்டத்தில் கிழட்டு றப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்த காலம் அது. பால்வெட்டு குறைந்துபோக, அப்பா மலையடிவாரத்து வயலில் ஒரு சிங்கள முதலாளி தோண்டிய மாணிக்கக் குழியில் வேலைக்கு இறங்கினார். குழியை எல்லோரும் சிங்களத்தில் "பத்தல" என்றுதான் சொல்வார்கள். கல் கிடைக்கக்கூடிய சரளை மண்ணுக்கு அந்தத் தொழிலில் "இல்லம்" என்று பெயர். மாலையில் வந்து காலை நீட்டி உட்கார்ந்ததும், "இன்னிக்கும் இல்லம் தட்டுப்படல" என்பார் அப்பா. இல்லம் என்றால் வீடு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்த எனக்கு, வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு இவர் ஏன் இப்படிச் சொல்கிறார் என்று குழப்பமாக இருக்கும்.

என்னைவிட ஏழு வயது மூத்தவளான செல்வராணி அக்காவுக்கு அந்தக் குழப்பமே கதையாகிவிட்டது. அம்மா விறகோடு வந்து சேரும் வரைக்கும் என்னை அழாமல் வைத்திருக்க, "பத்தல"யைப் பாதாளமாக்கி, அதற்குள் ஓர் அரண்மனையைக் கட்டி, இல்லமாதேவி என்ற இளவரசியை அங்கே குடிவைத்தாள். இளவரசி மண்ணுக்குள்ளேயே குதிரை ஓட்டுவாள். அவள் அழுதால் கண்ணீர் நீலக் கல்லாக உருளும்.

நான் சும்மா கேட்கிற பிள்ளை இல்லை. இளவரசிக்கு அப்பா யார், அவருக்கு அப்பா யார், அந்தப் பேருக்கு என்ன அர்த்தம் என்று நச்சரித்து நச்சரித்து, அக்காவிடமிருந்து ஏழு தலைமுறையைக் கறந்துவிட்டேன். தண்ணீரையெல்லாம் குடித்துத் தீர்த்த பம்பாதித்தன், மலையையே மேலே தூக்கிய டபரேந்திரன், மண் சரியாமல் தன் முதுகால் தாங்கி நின்ற கெகில்லராசன் என்று அந்த வம்சம் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. ஏழு பேரையும் பிழையில்லாமல் ஒரே மூச்சில் சொன்னால் பாதாளக் கதவு திறக்கும் என்று அக்கா சொன்னாள். நான் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போகும்போதும் வரும்போதும் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினேன்.

நம்முடைய வம்சம் என்ன என்று ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன். "எங்கப்பா முத்துசாமி. அவரோட அப்பா அக்கரையில இருந்து கப்பல்ல வந்தாராம், பேரு தெரியாது" என்றவர், சற்று யோசித்துவிட்டு, "வம்சம் பாக்க நமக்கென்ன ராச்சியமா இருக்கு?" என்று சிரித்தார். அப்பா சிரித்து நான் பார்த்ததில் எனக்கு நன்றாக நினைவிருப்பது அதுதான்.

அந்த வருஷத்து மழை விடாமல் பெய்தது. பம்பை ஓயாமல் ஓட்டித் தண்ணீரை இறைத்துக்கொண்டே தோண்டினார்கள். ஒரு பகல்பொழுதில் குழியின் ஒரு பக்கம் உள்ளே சரிந்தது. மற்றவர்கள் ஏறிவிட்டார்கள், அடியில் நின்ற அப்பாவால் ஏற முடியவில்லை. மறுநாள்தான் எடுத்தார்கள். பெட்டி மூடியபடியே லயத்துக்கு வந்து மூடியபடியே போனது. அம்மாவைச் சுற்றிப் பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்க, "பெட்டிக்குள்ள அப்பா இருக்காரா?" என்று நான் அக்காவைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அக்கா என்னை லயத்துக்குப் பின்னால் கோடிப்புறத்துக்குக் கூட்டிப்போனாள். "அப்பா கெகில்லராசன் அரண்மனையில இருக்காரு. அழாத" என்றாள்.

நான் அழுகையை நிறுத்திவிட்டேன். சொன்ன வாய்க்குப் பதின்மூன்று வயது. கேட்ட காதுக்கு ஆறு.

அதன்பின் குழியை அப்படியே விட்டுவிட்டார்கள். அதில் செம்மண் தண்ணீர் நிரம்பி நின்றது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே அங்கே போய், கரையில் நின்று ஏழு பேரையும் சொல்வேன். கதவு திறக்காதபோது, எங்கோ ஒரு பேரைத் தவறவிட்டேன் என்று நினைத்து மறுபடி தொடங்குவேன். தண்ணீருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்டப் போனேன்.

அப்பாவோடு வேலை செய்த சிங்களவரான சுமனே மாமா ஒருநாள் அதைக் கண்டுவிட்டார். பின்னால் வந்து என்னை அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மூச்சிரைக்க மேட்டில் ஏறி வந்தார். "ஐயோ நங்கி, இந்தப் பபா பத்தல ஓரத்தில நின்னு யாரையோ கூப்புடுது. காலுக்குக் கீழ மண்ணு கரைஞ்சு போவுது" என்று அம்மாவிடம் சொல்லி என்னை இறக்கிவிட்டார். நங்கி என்றால் தங்கச்சி, பபா என்றால் குழந்தை. யாரைக் கூப்பிட்டாய் என்று அம்மா கேட்க, நான் ஏழு பேரையும் ஒப்பித்து, இவர்கள் வீட்டில்தான் அப்பா இருக்கிறார் என்றேன்.

அக்காவை அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "செத்தவங்களுக்கு வீடு கட்டாதடி. இருக்கிறவங்க குடிபோயிருவாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

மறுநாள் அக்கா என் மணிக்கட்டை இறுகப் பிடித்து, என்னைக் குழியடிக்குக் கூட்டிப்போனாள். கிட்டப் போகாமல் வரப்பிலேயே நின்று ஒவ்வொன்றாகக் கைநீட்டிக் காட்டினாள்.

"அந்தா கிடக்கு பாரு, கயிறு சுத்துற கட்டை. அதுதான் டபரய. அதத்தான் டபரேந்திரன்னு சொன்னேன். துருப்பிடிச்சு நிக்குதே, அது பம்பு. அந்தக் காஞ்ச இலை கெகில்ல. மண்ணு விழாம இருக்க சுவத்துல சொருகுவாங்க. ராசா எல்லாம் இல்ல பாப்பா."

"அப்ப இல்லமாதேவி?"

"அப்பா சொல்ற வார்த்தைதான். கல்லு இருக்கிற மண்ணு. அவ்வளவுதான்."

"அப்ப அப்பா?"

அக்கா என் கையை விடவில்லை. "அப்பா செத்துட்டாரு. பெட்டிய மூடுறதுக்கு முந்தி இங்க வச்சு என்னையத்தான் கூப்புட்டுக் காட்டுனாங்க. அம்மா மயங்கிக் கெடந்துச்சு. நான் பாத்தேன்."

அதை அவள் இத்தனை நாளும் ஒருவரிடமும் சொல்லாமல், எனக்குக் கதை சொன்ன அதே வாய்க்குள் வைத்திருந்தாள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அரண்மனையை இடித்துவிட்டாள் என்று வழியெல்லாம் அவள் கையைக் கிள்ளிக்கொண்டே வந்தேன். அவள் கிள்ள விட்டாள். அன்றோடு நான் அந்தப் பக்கம் போவதை நிறுத்தினேன். அக்கா கதை சொல்வதை நிறுத்தினாள். அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தையும் நிறுத்திவிட்டு வேலைக்குப் போனாள்.

இப்போது அந்தக் குழி இருந்த இடம் எனக்கே அடையாளம் தெரிவதில்லை. மண் நிரப்பிப் பாக்கு மரம் வைத்திருக்கிறார்கள். எங்கள் லயத்தில் பாதி கூரை இல்லாமல் கிடக்கிறது. சுமனே மாமா இறந்த செய்தி எனக்குப் பிந்தித்தான் வந்தது, அம்மாவும் போய்விட்டாள். அக்கா யட்டியாந்தோட்டையில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வாள். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது.

போன தீபாவளிக்கு அங்கே போயிருந்தேன். கரண்ட் நின்று, போனில் சார்ஜும் தீர்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்த அவளுடைய பிள்ளைகளிடம், "உங்கம்மாவக் கதை சொல்லச் சொல்லுங்க. அவ மாதிரி யாரும் சொல்ல முடியாது" என்றேன்.

"அம்மாவா?" என்று மூத்தவள் சிரித்தாள். "அம்மாவுக்குக் கதையெல்லாம் தெரியுமா சித்தி?"

அடுப்படியில் ரொட்டியைப் புரட்டிக்கொண்டிருந்த அக்கா திரும்பவில்லை. "சித்தி சும்மா சொல்றா. வந்து சாப்புடுங்க" என்றாள்.

பிள்ளைகளோடு போய்த் தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.