பவுனம்மாளின் கால்கள்

புரொபசர் அழகர்சாமி எந்தக் காலேஜிலும் பாடம் நடத்தியவர் அல்ல. பள்ளிக்கூடத்திலேயே அதிக நாள் உட்கார்ந்தவர் அல்ல. அப்பா உப்பிலியபுரம் சந்தையில் தரையில் துணி விரித்துச் செப்படி வித்தை காட்டியவர். மகன் திருச்சிக்கு வந்து கோட்டு ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டார், புரொபசராகிவிட்டார்.

பெண்டாட்டியைப் பெட்டியில் படுக்கவைத்து ரம்பத்தால் இரண்டாக அறுப்பது அவருடைய பெரிய ஐட்டம். பெட்டியைப் பிரித்துத் தள்ளிய பிறகும் ஒரு பாதியில் தலை சிரிக்கும், மறு பாதியில் கால் ஆடும். தலை, மனைவி பவுனம்மாளுடையது. கால், மைத்துனி காளியாயியுடையது. தாலி கட்டிய தலைக்கு மெட்டி இல்லாத கால் பொருந்துமா? கல்யாணமாகாத காளியாயிக்குப் புரொபசரே மெட்டி வாங்கி மாட்டச் சொல்லிவிட்டார். அவர் கணக்கில் அவள் கல்யாணம் பாதி முடிந்தது.

இப்படி ஒரு தங்கை இருப்பதே ஊருக்குத் தெரியக்கூடாது. காளியாயிக்கு வாசல் கிடையாது, கோயில் கிடையாது, ஆடிப்பெருக்கு கிடையாது. இல்லாத பெண்ணை யார் பெண் கேட்டு வருவார்கள்? பவுனம்மாள் அழுதால், ஸ்ரீரங்கத்துத் திருவிழா முடியட்டும் என்பார். அது முடிந்தால் சமயபுரம் வந்துவிடும். தெய்வங்களும் அவர் கட்சிதான்.

அறுபத்தாறாம் வருஷம் பெட்டியின் இரும்புச் சட்டம் விட்டுப்போக, கைலாசபுரத்து வெல்டர் மூக்கனை வீட்டுக்கு அழைத்தார். ரகசியத்தைக் காப்பதாகச் சத்தியம் வாங்கினார்; மைத்துனியை உள்ளே அனுப்ப மறந்துவிட்டார். மூக்கன் சத்தியம் தவறவில்லை. பெட்டியைப் பற்றி யாரிடமும் பேசவில்லை, காளியாயியிடம் மட்டும் பேசினான். பிறகு முறையாக வெற்றிலை பாக்கோடு பெண் கேட்டு வந்தான்.

“எந்தப் பொண்ணுங்க? எங்க வீட்டுல பொண்ணே இல்லையே” என்று அனுப்பிவிட்டார் புரொபசர்.

அந்த வருஷ வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் ஷோ. அறுத்தார், பிரித்தார். தலை சிரித்தது. கால் ஆடவில்லை. கால் பக்கத்துப் பெட்டியின் மூடி திறந்தது. காளியாயி எழுந்து உட்கார்ந்தாள், மெட்டியைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்தாள், மேடையை விட்டு இறங்கி, வாசலில் நின்ற மூக்கனை நோக்கி நடந்தாள்.

ஒருத்தியை அறுத்தால் இரண்டு பேர்! கொட்டகை அதிர்ந்தது. முன்வரிசையில் இருந்த தமிழ் வாத்தியார் சௌரிராஜன் எழுந்து நின்றே கை தட்டினார்.

புரொபசர் அவளைக் கூப்பிட வாயெடுத்தார். பெட்டிக்குள்ளிருந்து பவுனம்மாளின் தலை அவருக்கு மட்டும் கேட்கிறாற்போல் சொன்னது:

“கூப்பிடாதீங்க. என் காலாச்சும் இந்தப் பொட்டியை விட்டு வாழப் போகட்டும்.”

கைதட்டல் ஓயவில்லை. ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே புரொபசர் குனிந்து வணங்கினார்.