திரும்பி வரவும் அதே வண்டிதான்

போன மாதம் பாம்பன் ரோட்டுப் பாலத்தில் மாட்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வேறு. ரயில் பாலத்தைப் படம் எடுக்க ஆளாளுக்கு வண்டியை நிறுத்திவிட்டுக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்பார்கள், தெரியும்தானே. எனக்கு முன்னால் ஒரு கருவாட்டு லாரி. இறக்கத்தில் நின்று நின்று இறங்கியதில் அதன் பிரேக் கருகி ஒரு வாடை கிளம்பியது. பக்கத்தில் இருந்த பாங்குத் தோழி மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணாடியை ஏற்றச் சொன்னாள். நான் இன்னும் கொஞ்சம் இறக்கினேன். "கருவாட்டு வாடை உனக்கு அவ்வளவு பிடிக்குமா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். மற்றவர்களுக்கு மல்லிகைப் பூவோ மழை விழுந்த மண்ணோ பழசைக் கொண்டுவந்து தரும். எனக்கு வாய்த்தது கருகிய பிரேக்.

அது என் அண்ணனுடைய வாடை. அண்ணன் கப்பலில் இன்ஜினியராக இருந்தான். பாதி வருஷம் கடல், பாதி வருஷம் ராமநாதபுரம் வீடு. ஒருமுறை லீவில் வந்தவன், சென்னையில் ஒரு டாக்டர் ஓட்டிக்கொண்டிருந்த பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்துவிட்டான். மஞ்சள் நிறம், இரண்டே சீட்டு, தரையோடு ஒட்டிய உடம்பு. எங்கள் பூர்வீகம் சாயல்குடிக்குப் பக்கத்தில். அய்யாவுக்கு அங்கே மிளகாய்க் காடு. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்த அய்யா, "பின்னாடி சீட்டே இல்லையேப்பா. மொளகா மூட்டைய எங்கன ஏத்துவ?" என்று கேட்டார்.

"மூட்டை ஏத்துற வண்டி இல்லய்யா இது."

"அப்ப எதுக்கு?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தான். "சும்மா ஓட்டுறதுக்கு."

அய்யா என்னைப் பார்த்த பார்வையில், இவனைக் கப்பலுக்கு அனுப்பியதே தப்பு என்று எழுதியிருந்தது.

நம் ஊர் வேகத்தடைகள் அந்த வண்டிக்காகப் போட்டவை அல்ல. ஒவ்வொன்றிலும் வயிறு தட்டும். அதனால் வேகத்தடை வரும்போதெல்லாம் பாரத்தைக் குறைக்க என்னை இறங்கச் சொல்வான். நான் இறங்கி நடப்பேன். அவன் குறுக்காக ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவான். நான் ஓடிப்போய் மறுபடி ஏறுவேன். ஸ்போர்ட்ஸ் காரில் போன பெருமை எனக்கு உண்டுதான். ஆனால் ராமநாதபுரத்தில் பாதியை அந்தக் கார் தயவில் நடந்தே பார்த்தேன். கல்யாணத்துக்குப் பட்டுச்சேலையோடு போன அன்றும் விலக்கு கிடைக்கவில்லை.

ரோட்டில் அண்ணன் வேகமாகப் போக மாட்டான். ஷேர் ஆட்டோக்கள் எங்களை முந்திக்கொண்டு போகும். கீழக்கரை ரோட்டில் ஒரு பையன் பைக்கில் பக்கத்தில் வந்து, "என்னண்ணே, ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அண்ணன் சிரித்தான். "ஆடு மாடு போற எடத்துல என்ன ஓட்டம்? ஓடணும்னா அதுக்குன்னு எடம் இருக்கு."

அந்த இடம் சென்னைக்கு வெளியே இருந்த ரேஸ் டிராக். சில நாட்களில் நம்மைப் போன்றவர்களும் பணம் கட்டிச் சொந்த வண்டியை ஓட்டலாம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. அப்போது நான் சென்னையில் பாங்கு வேலையில் இருந்தேன், லீவுக்குத்தான் ஊருக்கு வருவேன். முதல் நாளே அண்ணன் ராமநாதபுரத்திலிருந்து ஓட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவான். விடிந்ததும் இரண்டு பேரும் கிளம்புவோம்.

டிராக்கில் இறங்குமுன் வண்டியைக் காலி செய்ய வேண்டும். உருளுகிற பொருள் எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. ஸ்டெப்னி, ஜாக்கி, மிதியடி எல்லாம் வெளியே வரும். கூடவே மதினி எனக்குக் கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாடும் வரும். அதை நிழலில் வைத்துக் காவல் இருப்பது என் உத்தியோகம். லாரியில் காரை ஏற்றிக்கொண்டு வந்திருந்த பணக்காரப் பிள்ளைகள் மூக்கைச் சுளித்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்புவார்கள். நான் வேறெங்கோ பார்ப்பேன். அண்ணனோ அவர்களைக் கூப்பிட்டு, இதை எப்படி வறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பான்.

அவர்கள் வண்டி உடைந்தால் லாரியில் போகும். எங்களுக்குத் திரும்பி வரவும் அதே வண்டிதான். அதனால் அண்ணன் எப்போதும் கொஞ்சம் மிச்சம் வைத்தே ஓட்டுவான். ஹெல்மெட்டுக்குள் என் பல் தந்தியடிக்க, பக்கத்து சீட்டில் பலமுறை போயிருக்கிறேன். வளைவுகளுக்கு நம் ஊர்ப் பெயர்களை வைத்திருந்தான். "இந்தா வருது பாரு, அய்யனார் கோயில் திருப்பம்" என்று சத்தம் போடுவான். பிரேக் கருகத் தொடங்கினால் ஒரு சுற்று மெதுவாக வந்து காற்றில் ஆறவிட்டு, அப்புறம்தான் நிறுத்துவான். எனக்கும் ஒருநாள் ஸ்டியரிங்கைக் கொடுத்தான். தேருக்குப் பின்னால் போவதுபோல்தான் போனேன். அப்படிப் போயும் புல்லில் இறங்கி, வந்த திசையைப் பார்த்து நின்றேன். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

கடைசியாகப் போன அன்று நான் சுவரோரம் நின்றிருந்தேன். மஞ்சள் வண்டி வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. எட்டிப் பார்த்தால் தூரத்தில் ஓரமாக நிற்கிறது. மற்ற வண்டிகளை நிறுத்தக் கொடி காட்டினார்கள். டிராக் ஊழியரோடு நானும் ஓடினேன். எங்கும் இடித்த அடையாளம் இல்லை, புகை இல்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி அண்ணன் என்னைப் பார்த்தான்.

"ஏத்தா, இதுக்கடுத்து எங்கிட்டுத் திரும்பணும்?"

வெயில் என்று நினைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். சாமான்களை ஏற்றிக்கொண்டு நானே ராமநாதபுரம் வரைக்கும் ஓட்டினேன். வழியெல்லாம், "மதினிக்குப் போன் போட்டியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். போட்டாச்சு என்பேன். தலையாட்டுவான். கொஞ்சத் தூரத்தில் மறுபடி கேட்பான். புதுக்கோட்டை தாண்டியபோது, இது வெயில் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது, ஐம்பது வயதுக்கு முன்னால் வருவது அபூர்வம், ஆனால் வரும் என்றார் டாக்டர். மருந்து தள்ளிப்போடும், நிறுத்தாது. கப்பல் வேலை போனது. நான் மாற்றல் கேட்டு ராமநாதபுரத்துக்கே வந்துவிட்டேன்.

சாவியை நாங்கள் ஒளித்து வைக்கவில்லை. அப்படிச் செய்ய மனசு வரவில்லை. ஒருநாள் மத்தியானம் அண்ணன் போனிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது வேறு ஆள். சாயல்குடிப் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்கிறவர். "மஞ்சக்காரு ஒண்ணு பாத்திக்குள்ள எறங்கிருச்சு. அண்ணாச்சி அழுதுக்கிட்டு நிக்கிறாரும்மா. வெரசா வாங்க" என்றார்.

மதினியும் நானும் போய்ச் சேர்ந்தபோது சக்கரம் பாதி வரைக்கும் உப்புச் சேற்றில் இருந்தது. வரப்பில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருந்தான். அன்று அவனுக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. அதுதான் கொடுமை. அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் விலகி ஓடியதைப் பார்த்திருக்கிறான்.

"அந்தப் பொம்பளைக நூல் எழையில தப்பிருச்சுக" என்றான். சாவியை என் கையில் வைத்து மூடினான். "நெனப்பு இருக்கையிலயே சொல்லிப்புடுறேன். இனிமே இத எங்கிட்டக் குடுக்காத. கெஞ்சுவேன், குடுக்காத. ஏசுவேன், அப்பவும் குடுக்காத."

சரிண்ணே என்றேன். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

சொன்னபடியே கெஞ்சினான். "ஒரே ஒரு தடவ. தெருமொனை வரைக்கும்" என்று குழந்தை மாதிரி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வருவான். சொன்னபடியே ஏசினான். அவன் வாயில் நான் கேட்டே அறியாத சொற்களெல்லாம் வந்தன. "எஞ்சாவியத் திருடுனவ நீ. எம்முகத்துல முழிக்காத" என்று தெருவே கேட்கக் கத்தினான். தடுக்கப்போன மதினியைத் தள்ளிவிட்டதில் அவளுக்கு நெற்றியில் காயம். நீதானே கொடுக்காதே என்று சொன்னாய் என்று அவனிடம் சொல்லிப் பார்த்தேன். அதைச் சொன்ன அண்ணன் அங்கே இல்லை. உப்பு அரித்த வண்டியை, உதிரி பாகத்துக்கென்று கேட்டவர்களிடம் கொடுத்துவிட்டோம். அதற்கப்புறமும் சாவியைக் கேட்டான். நானும் கொடுக்க மாட்டேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன், வண்டி இருப்பதுபோலவே.

பிறகு கேட்பது குறைந்தது. எப்போது நின்றது என்று எங்களுக்குத் தெரியாது. இன்று ஏசவில்லையே என்று முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது.

பாலத்திலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் நாற்காலியில் சுத்தமாகத் தலை வாரி உட்கார்ந்திருந்தான். மதினி அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன கிறுக்கோ, அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து, "அண்ணே, காரு ஓட்டப் போவமா?" என்று கேட்டேன்.

அவன் என்னை மரியாதையாகப் பார்த்தான். வீட்டுக்கு வந்த வேற்றாளிடம் பேசுவதுபோல மெல்லச் சொன்னான்: "எனக்கு ஓட்டத் தெரியாதும்மா. நீங்க வேற யாரையாச்சும் கூட்டிட்டுப் போங்க."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.