கத்தரி அக்கா அடித்த மொட்டைகள்

முடிவெட்டும் மெஷினை என் பிடரியில் வைக்கும் முன் அக்கா அதைத் தன் உள்ளங்கைகளுக்குள் கொஞ்ச நேரம் பொத்தி வைத்துக்கொள்கிறார். "இரும்பு சில்லுனு பட்டா தூக்கிப்போடும்ல தம்பி?" மெஷின் ஓடத் தொடங்கியதும் அவர் வாயும் ஓடத் தொடங்கும். இரண்டும் சேர்ந்துதான் நிற்கும்.

கடையில் மூன்று நாற்காலிகள். மூன்றாவது, புருஷன் தூங்குவதற்கு. தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் கத்தரி அக்கா. அவசரத்தில் அது கத்தரிக்காவாகிவிட்டது. அவருக்குக் கோபமில்லை. "காய்னு சொல்லட்டும். வத்தல்னு சொல்லாம இருந்தாச் சரி."

போன வருஷம் ஒரு சினிமாக் கம்பெனி அவரைத் தேடி வந்தது. இளவட்டங்களுக்கான படம். என்றோ ஒரு காலத்தில், எங்கோ ஓர் ஊரில், யாருக்கும் பெயர் கிடையாது. எல்லோருக்கும் ஒரே சாம்பல் சட்டை, ஒரே மொட்டை. ஒருத்தி மட்டும் எனக்குப் பெயர் வேண்டும் என்று கிளம்புகிறாள். அவளைச் சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு அக்கா மொட்டை அடிக்க வேண்டும்.

"மொட்டை போட்டா எல்லாம் ஒண்ணு போல ஆயிடும்னு நெனச்சுட்டாங்க, பாவம். ஒண்ணு தேங்கா, ஒண்ணு கொய்யா, ஒண்ணு மாங்கொட்டை!"

மொட்டைக்கு நின்ற வரிசையில் ஒரு கல்லூரிப் பெண் வலது காதைப் பொத்தியபடி வந்து உட்கார்ந்தாள். அக்கா கூந்தலை விலக்கிப் பார்த்தார். அந்தக் காது சின்னதாக, மொட்டுப் போலச் சுருண்டிருந்தது. பிறவியிலேயே அப்படி. வீட்டு ஆட்களைத் தவிர யாரும் பார்த்ததில்லை.

"வேணாம்னா எழுந்துரு கண்ணு. உனக்குக் காய்ச்சல்னு நானே சொல்லிடறேன்."

"இல்லக்கா, அடிங்க. இங்க எல்லாரும் ஒரே மாதிரிதானே? யாரு என்னை மட்டும் பாக்கப்போறாங்க?"

அவள் மொட்டைத் தலையோடு எழுந்ததும் உதவி இயக்குநர் பார்த்துவிட்டார். "இது தனியாத் தெரியுதே. இந்தப் பொண்ணு வேணாம்."

அவள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். அக்கா அடுத்த தலையில் பாதி வழி வந்திருந்தார். மெஷினை அணைத்தார்.

"முடிய எடுத்துட்டு வீட்டுக்குப் போன்னா என்ன நியாயம்? அவ வரிசைக்கு வந்தாத்தான் மீதி."

உதவி இயக்குநர் கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். அக்கா அசையவில்லை. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பாதித் தலையோடு நாற்காலியில் இருந்த வாலிபன்தான் முதலில் உடைந்தான். "சார், எனக்காகவாவது அவங்களச் சேத்துக்குங்க சார்!"

சத்தம் கேட்டு இயக்குநரே வந்தார். அந்தப் பெண்ணை நடு வரிசையில் நிற்கச் சொன்னார். அக்கா மெஷினைத் திரும்ப எடுத்தபோது அது இரண்டு முறை கைதவறியதாம். "எதிர்த்துப் பேசிப் பழக்கமில்ல தம்பி. அந்தப் பையன் காதே போயிருக்கும்."

படம் வந்ததும் புருஷனை எழுப்பிக் கூட்டிப்போய்ப் பார்த்தார். முடிவில் நாயகி மேடையேறித் தன் பெயரைச் சொல்ல, தியேட்டரே கைதட்டியது. அக்கா நடு வரிசையையே துழாவிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கண்ணில் படவே இல்லை. "நல்லதாப் போச்சு. அவ கேட்டது அதத்தானே?"

போன மாதம் நான் என் முறைக்காகக் காத்திருந்தபோது அந்தப் பெண் கடைக்கு வந்தாள். முடி கன்னம் வரை வளர்ந்திருந்தது.

"எப்படி வேணும் கண்ணு?"

அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "மூடியே இருக்கட்டும்க்கா."

படத்தைப் பார்த்திருந்த எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அக்கா ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் "சரிம்மா" என்றதோடு சரி. வெட்டி முடிக்கும் வரை வேறு பேச்சே இல்லை. முனைகளைச் சீப்பால் இழுத்து இழுத்துப் பார்த்து, இரண்டு பக்கமும் ஒன்றுபோல விழும்படி வெட்டினார்.

கடைசியில் வலப்பக்கத்து முடியைத் தூக்கிப் பிடித்தார். சுருண்ட காதின் மடிப்பில் வெட்டிய மயிர் ஒட்டியிருந்தது. குனிந்து, குழந்தையின் கண்ணில் விழுந்த தூசியை ஊதுவதுபோல மெல்ல ஊதினார். சுண்டுவிரலால் ஒருமுறை துடைத்துவிட்டார். அதன்பிறகுதான் முடியை அதன்மேல் விழவிட்டார்.