என்னைத் தெரியாது என்று சொன்ன ஊர்

புதன்கிழமை காலை பத்தரை மணிக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெண் அழைத்து, முரசுமோட்டையில் என்னை ஒருவருக்கும் தெரியாது என்றாள். எனக்கு முப்பத்தொரு வயது. இடம்பெயர்ந்து அலைந்த காலம் போக மீதி முழுவதும் அந்த ஊரில்தான் இருந்திருக்கிறேன். கிளிநொச்சி நகரில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில், பொலிஸ் நற்சான்றின் பிரதியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் அதைக் கேட்டேன். கடைக்காரர் மிச்சம் தர நீட்டிய கை அப்படியே நின்றது. என் முகம் அப்படி மாறியிருக்க வேண்டும்.

அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். “மிஸ், நீங்க நம்பர் குடுத்த மில் ஓனர் உங்கள தெரியவே தெரியாதுன்னு சொல்றாங்க. பக்கத்து வீட்டு ஆளுங்க ரெண்டு பேரும் அதேதான் சொன்னாங்க. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு ஃபைல் க்ளோஸ் பண்ணணும்.”

விசயம் இதுதான். கிளிநொச்சியில் புதிதாகத் திறக்க இருந்த ஒரு பெரிய களஞ்சியத்துக்குப் பொறுப்பாளராக என்னைத் தெரிவு செய்திருந்தார்கள். அது எனக்குப் பதினோராவது நேர்முகம். முதல் பத்திலும் ‘அறிவிக்கிறோம்’ என்று சொல்லி அனுப்பியவர்கள் இன்றுவரை அறிவித்துக்கொண்டே இருக்கிறார்கள். இந்தப் பதினோராவதில்தான் எழுந்து கை குலுக்கினார்கள். ஆனால் நியமனக் கடிதம் வருவதற்கு முன்னால் என் பின்னணியைச் சரிபார்க்க வேண்டுமாம். அதற்கென்றே கொழும்பில் ஓர் அலுவலகம் இருக்கிறது. முன்பு வேலை செய்த இரண்டு இடங்கள், ஊரில் இரண்டு பேர், எல்லோருடைய தொலைபேசி இலக்கமும் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன்.

நான் முதலில் வேலை செய்தது ஒரு வெளிநாட்டு நிவாரண நிறுவனத்தில். அது தன் வேலையை முடித்துக்கொண்டு நாட்டை விட்டே போய்விட்டது. அதன் அலுவலகம் இருந்த கட்டடத்தில் இப்போது மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்கிறார்கள். அங்கே அழைத்தால் முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். அடுத்த நாலு வருடம் முரசுமோட்டையில் ஓர் அரிசி ஆலையில் களஞ்சியம் பார்த்தேன். அம்மாவுக்கு சத்திரசிகிச்சை என்று இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டு நின்றுவிட்டேன். ஆக, எனக்காகப் பேச உலகத்தில் மிஞ்சியிருந்தது ஆலை முதலாளியம்மா ஒருவர்தான்; நான் அவரை அன்ரி என்று கூப்பிடுவேன். கடிதம் அனுப்பலாம் என்றால் நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சலிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அன்ரியிடம் ஒரு ரப்பர் முத்திரை இருக்கிறது. மின்னஞ்சல் என்றால் அவர் மருமகனைக் கூப்பிடுவார். மருமகன் கனடாவில்.

ஸ்கூட்டியை எடுத்தேன். பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பும்போது எதிரே வந்த உழவு இயந்திரத்துக்காரர் ஏதோ திட்டினார். நானும் திருப்பித் திட்டினேன். அது பெரும்போக அறுவடைக் காலம். ஆலை வாசலில் நெல் மூட்டைகளுடன் வண்டிகள் வரிசையில் நின்றன. அவற்றுக்கிடையில் புகுந்து அலுவலக அறைக்குள் போய், வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டேன்.

“ஏன் அன்ரி என்னைத் தெரியாது எண்டு சொன்னனீங்கள்?”

அன்ரியின் முகத்தில் அப்படியொரு பெருமை. எழுந்து வந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். “உன்னைப் பற்றி ஆரோ விசாரிச்சவை பிள்ளை. எப்பேலயிருந்து தெரியும், எங்க இருக்கிறா, அதுக்கு முதல் எங்க இருந்தவா எண்டெல்லாம் கேட்டவை. நான் ஒரு சொல்லும் குடுக்கேல்லை. நீ பயப்பிடாத.”

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் முகம் தெரியாத ஒருவர் அழைத்து இன்னாரைத் தெரியுமா என்று கேட்டால், வாயில் முதலில் வருவது ‘தெரியாது’தான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. யுத்த காலத்தில் ‘ஓம், தெரியும்’ என்ற சொல்லால் என்னவெல்லாம் நடந்தது என்பதை எல்லோரும் அறிவோம். பிடிக்காதவரைத் தெரியும் என்று சொல்லிவிடுவோம். தெரியாது என்று நாங்கள் சொல்வது வேண்டியவர்களுக்காக மட்டும்தான்.

அன்ரி அதோடும் விடவில்லை. அழைப்பு வந்த கையோடு வாட்ஸ்அப்பில் குரல்பதிவு போட்டு அக்கம்பக்கத்தை உசார்ப்படுத்தியிருந்தார். அந்தக் கொழும்புப் பெண் அடுத்த இரண்டு பேரை அழைத்தபோது, ஒருவர் என்னைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார். மற்றவர் ஒருபடி மேலே போய், அந்த வீட்டில் யாரும் இல்லை, வீடு பூட்டிக் கிடக்கிறது என்றார். அவர் அதைச் சொன்ன நேரத்தில் என் அம்மா அவர் வீட்டில்தான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாராம்.

கோபப்படலாம் என்றால் பிழை என்னுடையதும்தான். கடிதம் கைக்கு வரும்வரை யாரிடமும் வாய் திறக்காதே, நாவூறு பட்டுவிடும் என்று அம்மா சொல்லியிருந்தார். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தியும் வைத்திருந்தார். நானும் பதினோராவது முறையாகத் தோற்றால் ஊர் சிரிக்கும் என்று பயந்து, யாருடைய இலக்கத்தைக் கொடுத்தேனோ அவர்களிடமே சொல்லவில்லை. அன்ரியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு, “எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே பிள்ளை” என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அங்கிருந்தே கொழும்புக்கு அழைத்தேன். ஒருமுறை மறுத்தவரை மறுபடி கேட்க விதியில் இடமில்லை என்றாள் அந்தப் பெண். எங்கள் ஊர் வழக்கத்தை விளக்கினேன். அவள் தன்னுடைய அப்பம்மாவும் அப்படித்தான் என்றாள். மேலதிகாரியிடம் கேட்டாள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆலைக்கு மட்டும் இன்னுமொரு அழைப்பு, அதுவும் பதிவு செய்யப்படும் என்று சொன்னாள்.

வியாழக்கிழமை முழுக்க ஊர் என் வேலையாகத்தான் திரிந்தது. வீடு பூட்டிக் கிடக்கிறது என்றவர் வந்து, தானும் ஒரு வார்த்தை பேசலாமா என்று மூன்று தரம் கேட்டார். பயத்துக்கு நடுவிலும் எனக்கு ஒரு சந்தோசம் இருந்தது. இத்தனை பேர் எனக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று துடிப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க, அன்ரி ஆலையை நிறுத்தச் சொன்னார். அறுவடைக் காலத்தில், வாசலில் அத்தனை வண்டிகள் நிற்க, ஆலை நின்றது. இயந்திரச் சத்தத்தோடு வாழ்ந்து அன்ரிக்குக் காது மந்தம். அதனால் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தார். நான் மூலையில் நின்றேன். கதவருகில் மூட்டை தூக்கும் ஆட்கள், ஜன்னலில் நெல் கொண்டுவந்த கமக்காரர்கள். ஒருவரும் இருமவில்லை.

கொழும்புப் பெண்ணின் கேள்விகள் வந்தன. எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார், என்ன வேலை. அன்ரி திகதி பிசகாமல் சொன்னார். நம்பிக்கையானவரா என்று கேட்டாள். களஞ்சியச் சாவி மகளிடம்கூடக் கொடுத்ததில்லை, இந்தப் பிள்ளையிடம்தான் கொடுத்தேன் என்றார். குறை ஏதும் உண்டா என்றதற்கு, கோபம் என்றார். ஜன்னலில் நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் அவர்களை முறைத்தேன்.

“கடைசிக் கேள்வி மேடம். இவங்கள நீங்க மறுபடி வேலைக்கு எடுப்பீங்களா?”

“இல்லை,” என்றார் அன்ரி.

நான் மேசையை நோக்கி ஓர் எட்டு வைத்தேன். அன்ரி கையைக் காட்டி என்னை நிறுத்தினார். ஏன் என்று அந்தப் பெண் மெல்லக் கேட்டாள்.

“ரண்டு வருசமா நான் அவாவின்ர வேலைக்கு ஆள் எடுக்கேல்லை பிள்ளை. தாய்க்குச் சுகம் வந்தாத் திரும்பி வருவா எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். இப்ப சொல்லுறன், வரவேண்டாம். வந்தாலும் எடுக்கமாட்டன். அவாக்கு இந்த மில் காணாது. அவா உங்களிட்டத்தான் போகோணும்.”

“மேடம், இங்க ஆம், இல்லைன்னு ரெண்டு பெட்டிதான் இருக்கு.”

“அப்ப இல்லை எண்டே போடுங்கோ. நான் பொய் சொல்லுறேல்லை.”

புதன்கிழமைதான் அவர் அப்படியொரு பொய் சொல்லியிருந்தார். அங்கே நின்ற ஒருவருக்கும் அது நினைவு வரவில்லை. எனக்கு மட்டும் வந்தது. இது சரிவராவிட்டால் ஆலை இருக்கிறதே என்று பதினொரு நேர்முகத்துக்கும் மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் போயிருந்தேன். அன்ரி அதை அறிந்திருக்கிறார்.

நாலே காலுக்குக் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. ‘இல்லை’ என்ற பெட்டிக்குக் கீழே குறிப்பு எழுத இரண்டு வரி இடம் இருந்ததாம். அன்ரி சொன்னது முழுவதையும் அதில் நெருக்கி எழுதிவிட்டாளாம். நிறுவனத்தின் முகாமையாளர் அதைப் படித்துவிட்டு, பதிவையும் கேட்டாராம். கடிதம் திங்கட்கிழமை வரும் என்றாள். நான் கத்திய கத்தலில் அம்மா குசினியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். அவருக்கு சத்திரசிகிச்சை செய்திருந்தது என்பதே இருவருக்கும் மறந்துபோனது.

சனிக்கிழமை விடிந்ததும் ஒரு பெட்டி லட்டுடன் ஆலைக்குப் போனேன். வாசல் கேற்றில் ஒரு மட்டை புதிதாகத் தொங்கியது. அன்ரியின் கோணல் எழுத்து. களஞ்சியம் பார்க்க ஒரு பெண்பிள்ளை உடனடியாகத் தேவை என்று இருந்தது. அதன் கீழே, நற்சான்று ஒன்றும் வேண்டாம், நேரில் வரவும் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார். வரிசையில் நின்ற வண்டிக்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள். நான் லட்டுப் பெட்டியை ஸ்கூட்டி இருக்கையில் வைத்துவிட்டு, என்னுடையதாக இருந்த அந்த வேலைக்கான விளம்பரத்தை இன்னொருமுறை வாசித்தேன்.